ஜேபெக் போதும் என்பவர்களுக்கு

“ஜேபெக்கா மாத்தியாச்சு, ரா ஃபைலை அழிச்சிடலாம். சும்மா இடத்தை அடைக்குது.” மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளையும் செங்கல்பட்டு வட்டாரக் குடைவரைகளையும் படமெடுக்கிறவர்களிடம் சகஜமாகப் புழங்கும் பேச்சு இது. ஆய்வேட்டிலோ புத்தகத்திலோ சேர்க்கத் தோதான படம் கைக்கு வந்துவிட்டால் கேமரா பதிந்த ரா மூலக்கோப்பு வேண்டாத சுமை என்று நினைக்கிறார்கள். கல்வெட்டைப் பொறுத்தவரை இந்த நினைப்பு பெரிய கேடு.

2004 சுனாமிக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் என்ன நடந்தது? அலை மண்ணை அரித்துக்கொண்டு போனதில் பாறையில் எழுத்துகள் தெரிந்தன. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு அது. அங்கே ஒரு முருகன் கோயில் இருந்ததை அது சொன்னது. தொல்லியல் துறையினர் பக்கத்து மணல்மேட்டைத் தோண்டினார்கள்; கோயில் வெளிப்பட்டது. பாறையில் தெரிந்த சில வரிகளை ஒழுங்காகப் படித்ததால் கிடைத்த கோயில் அது.

தேய்ந்த எழுத்தை நிழலைக் கொண்டுதான் படிக்கிறோம். பக்கவாட்டில் ஒளி விழும்போது, வெட்டின் பள்ளம் பாறையின் சொரசொரப்பைவிட ஒரு துளி கூடுதலாகக் கறுக்கும். அந்த ஒரு துளிதான் நமக்கு எழுத்து. 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியை 16,384 படிகளாகப் பிரித்து வைக்கிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதோடு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. திருத்தித் திருத்திச் சேமித்தால் இழப்பு இன்னும் கூடும். பின்னாளில் ஒருவர் நிழல் பகுதியை வெளிச்சமாக்கிப் படிக்க முயன்றால் எழுத்து இருந்த இடத்தில் திட்டுத்திட்டான கட்டங்களே மிஞ்சும்.

“கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது” என்கிறார்கள். இன்று, உங்கள் திரையில், உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். நாளை அதை ஆராயப்போகிறவருக்கும் அப்படியே தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

“இடம் போதவில்லை” என்பதும் நிற்காது. ஒரு ரா படம் 30 எம்.பி. என்றாலும் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்கில் முப்பதாயிரத்துக்கு மேல் அடங்கும்.

கல்வெட்டியலாளர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். வாசகம் அச்சாகிவிட்டதே என்று அதை யாரும் கிழித்தெறிவதில்லை. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரக் கோரி நாம் நீதிமன்றம் வரை போனோம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு உத்தரவும் இட்டது. அந்தத் தாள்களுக்காக வழக்காடிய நாமே, அதே வேலையைச் செய்யும் ரா கோப்பை ஒரு சொடுக்கில் அழிக்கலாமா?

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ரா வடிவம் கேமரா நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதைத் திறக்கும் மென்பொருள் நாளை கிடைக்காமல் போகலாம். அதனால் ராவை அப்படியே காப்பாற்றுங்கள். அதிலிருந்து இழப்பில்லாத 16 பிட் டிஃப் கோப்பு ஒன்று எடுத்து ஆவணமாக வையுங்கள். கட்டுரையில் சேர்க்கவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடம், தேதி, ஒளி விழுந்த திசை ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். ராவும் டிஃப்பும் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

உப்புக்காற்று அந்தக் கற்களை ஒவ்வொரு நாளும் அரிக்கிறது. மீண்டும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் திரும்பிப் போகும்போது பாறை அங்கே இருக்கும். அன்று உங்கள் கேமராவில் பதிந்த எழுத்து அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அழிக்கும் முன் அதை நினையுங்கள்.