பிள்ளையின் மேற்படிப்புக்கு எவ்வளவு சேர்ப்பது?

"பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்ப எவ்வளவு காசு சேர்க்க வேணும்?" சொந்தக் காணியை விட்டு வந்து, குத்தகைத் தோட்டத்திலும் கூலி வேலையிலும் பாடுபடும் பெற்றோர் பலரின் கேள்வி இது. சிலர் பெருந்தொகை ஒன்றை எண்ணிப் பார்த்து, எம்மால் முடியாது என்று தொடங்க முன்னரே கைவிட்டு விடுகிறார்கள். வேறு சிலர் மிஞ்சியிருக்கும் காணித் துண்டையும் விற்கத் துணிகிறார்கள். இரண்டும் தவறு என்பதே எமது கருத்து.

முதலில், எதற்குக் காசு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்போம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை செல்கிறது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் எமது பிள்ளை முதற் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழக நிதியுதவியும் உண்டு. அவை உதவும், முழுச் செலவுக்கும் போதா.

காசு தேவைப்படுவது இரண்டு காலங்களில். ஒன்று, உயர்தரம் படிக்கும்போது ரியூசனுக்கும் போக்குவரத்துக்கும். மற்றது, பேராதனை, மொறட்டுவை, கொழும்பு என வெளியே போகும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து வீட்டிலிருந்து போய்வந்தால் இரண்டாவது செலவு பெரிதும் குறையும்.

தோட்டக் காசில் படிப்பிப்பது எமக்குப் புதிதல்ல. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நல்ல விலை கிடைத்தது. செம்மண்ணில் உழைத்த அந்தக் காசு பிள்ளைகளின் படிப்புக்கும் போனது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தார்கள். கிணறும் தோட்டமும் வீடும் அங்கேயே நின்றன. படித்த படிப்பு மட்டும் பிள்ளையோடு கூட நடந்து வந்தது. வலிகாமம் வடக்குக் காணிகள் போர் முடிந்த 2009க்குப் பின்னரும் கட்டங்கட்டமாகவே விடுபட்டன.

ஆகவே "எத்தனை இலட்சம்?" என்று கேட்பதைவிட "எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேட்பதே பொருத்தம். மாதம் 1,000 ரூபாவாக 18 ஆண்டுகள் போட்டால், வட்டி நீங்கலாக 216,000 ரூபா சேரும். ஆனால் ரூபாவின் பெறுமதி ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டதை நாம் அனுபவித்தோம். ஒரே தொகையை வருடக் கணக்காகப் போட்டு வருபவர், கடைசியில் ஏமாந்து நிற்பார்.

எமது யோசனை இது: விதை, பசளை, மண்ணெண்ணெய், கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு. கூலிக்குப் போகும் குடும்பமாயின் மாதத்தில் ஒரு நாட் கூலி. கூலி ஏறும்போது சேமிப்பும் கூடவே ஏறும். விளைச்சல் பொய்த்த போகத்தில் ஒன்றும் வைக்க முடியாவிட்டால் வைக்க வேண்டாம். பிள்ளையின் வயிற்றைக் காயவிட்டுச் சேர்க்கும் காசு படிப்பைக் கெடுக்கும்.

எங்கே வைப்பது? சீட்டு நல்லதுதான், ஆனால் ஊர் சிதறினால் சீட்டும் சிதறும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. ரூபா விழும்போது தங்கம் ஓரளவு தாங்கும். எனினும் நகையாக வாங்கினால் செய்கூலியை இழப்போம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து வைப்பதே இடம்பெயர்ந்தவருக்குப் பாதுகாப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். படிப்புச் செலவுக்கென்று கிழமைக் கடன் எடுக்காதீர்கள். நுண்நிதிக் கடனில் பெண்கள் பட்ட துன்பம் காரணமாக, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை இரத்துச் செய்ய 2018இல் அரசே முன்வர நேர்ந்தது. அடுத்தது, மகனுக்குப் படிப்பு, மகளுக்குச் சீதனம் என்று பெட்டியை இரண்டாக்காதீர்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றை, கணவனை இழந்த பின் தனித்துத் தாங்கியவர்கள் பெண்கள்தான். படிப்பு அவர்களுக்கும் கைகொடுக்க வேண்டும்.

உயர்தரம் எழுதுவோர் எல்லோருக்கும் பல்கலைக்கழக இடம் கிடைப்பதில்லை. அதனால் சேர்த்த காசு வீணாகாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் தொழில் பழகும் பிள்ளைக்கும் போக்குவரத்தும் சாப்பாடும் செலவுதான். தொழிற்கல்வியைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், கிராம சேவையாளரின் வருமானச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். உதவித்தொகை கேட்கும் நாளில் அவையும் காசுக்குச் சமம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழைய பேச்சு. இந்தப் போகத்து வெங்காயம் விற்று வரும் காசிலேயே முதல் துளியைப் போடுங்கள்.