படிவத்தில் விடுபட்ட பிள்ளை

கட்டுக்கரைக் குளத்துச் சிறுபோகக் கூட்டத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அருவியாற்றுத் தண்ணீர் குளத்துக்குக் குறைவாக வந்த வருடம் எல்லா வயலுக்கும் பாயாது, பங்கு பிரித்துத்தான் விதைப்பு. அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்றாலோ, கால் ஏக்கர் குறைந்திருந்தாலோ நம்முடைய மனுசன் விடுவானா? கூட்டம் முடியாமல் இழுத்தடிப்பான், பிரதேச செயலகம் வரைக்கும் போவான். அதே மனுசன், குடும்பத்தோடு வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் கேட்கும் படிவத்தில் பெற்ற பிள்ளையின் பெயரே இல்லாதபோது, கீழே கையொப்பத்தை வைத்துவிட்டு வருகிறான். வாசித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டால், “ஏஜென்சிக்காரர் எல்லாம் பார்த்து நிரப்பினவர்” என்று பதில்.

நான் முருங்கன் பக்கத்தில் பிறப்பு, விவாகப் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறவன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வெளிநாடு போகாதீர்கள் என்று உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. 1990இல் கடல் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனவர்களும், 2008இல் அடம்பன் பக்கத்திலிருந்து மூட்டை கட்டி முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் வாழ்கிற மண் இது. 2022 மார்ச்சில், அரிசியும் பால்மாவும் விலையேறிய நாட்களில், கைக்குழந்தையோடு தனுஷ்கோடித் தீடையில் இறக்கிவிடப்பட்ட தாய்மாரைப் பார்த்து ‘ஏன் போனாய்’ என்று கேட்க எனக்கு வாய் வராது. போங்கள். ஆனால் உண்மையை எழுதிவிட்டுப் போங்கள்.

அண்மையில் ஒரு பொடியன் அம்மம்மாவோடு என்னிடம் வந்தான். வயது பதினேழு. தாய் 2009இல் வன்னியில் செத்துப்போனவர். தகப்பன் பிறகு வேறு கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, வேலைத் தகுதியில் விண்ணப்பித்து நால்வராகக் கனடாவில் குடியேறிவிட்டார். இப்போது மூத்தவனை ஸ்பொன்சர் பண்ணப் போகிறாராம், பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்க்க வேண்டுமாம். பழைய விண்ணப்பத்தின் பிரதியையும் கொண்டுவந்திருந்தார்கள். நான் பக்கத்தைப் புரட்டுகிறேன், பொடியன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான். ஆங்கிலம் வாசிப்பான். பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்.

“மாமா, இதில என்ர பேர் எங்க?”

அம்மம்மா வெற்றிலைப் பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

தகப்பன் கொடியவர் இல்லை. மாதாமாதம் காசு அனுப்புகிறார். முதல் மனைவிக்கு மரணப் பத்திரம் எடுக்கவில்லை, அதுதான் சங்கதி. போரில் இறந்தவர்களின் மரணத்தைப் பதிவதற்கென்றே 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் நம் வீடுகளில் எத்தனையோ பேர் அந்தப் பத்திரத்துக்குக் கையொப்பம் வைக்கவில்லை. வைத்தால் நாமே கொன்ற மாதிரி என்று நினைத்தார்கள். அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். ஏஜென்சிக்காரருக்கோ மரணப் பத்திரம் எடுப்பிப்பது வேலைமினக்கேடு. ‘முதல் கலியாணத்தை எழுதினால் கேள்வி வரும், பொடியனை இப்போதைக்கு விடுங்கள், அங்கே போய்க் கூப்பிடலாம்’ என்றிருக்கிறார். தகப்பனும் விட்டுவிட்டார்.

அங்கே போய்க் கூப்பிட முடியாது. கனடாவின் குடிவரவு விதி 117(9)(d) சொல்வது இதுதான்: நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் காட்டாமல், பரிசோதனைக்கும் உட்படுத்தாமல் விட்ட பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் பண்ண இயலாது. கூட வராத பிள்ளையையும் எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். அகதியாகவோ ஸ்பொன்சரிலோ போனவர்களில் சிலருக்கு 2019இல் ஒரு தற்காலிகச் சலுகை வந்தது. வேலைத் தகுதியில் போன இந்தத் தகப்பனுக்கு அது பொருந்தாது.

இது ஒரு வீட்டுக் கதை. மற்ற வீடுகளில் வேறு காரணங்கள். நடக்க முடியாத பிள்ளையை மறைக்கிறார்கள், அவுஸ்திரேலியாவில் ஒருவர் மருத்துவத்தில் தவறினால் முழுக் குடும்பமும் தவறலாம் என்று கேள்விப்பட்டு. கேள்விப்பட்டது சரிதான், அப்படியொரு விதி இருக்கிறது. ஆனால் கூட வராத பிள்ளைக்கும் அங்கே மருத்துவம் கேட்பார்கள், விலக்குக் கோரவும் சில விசாக்களில் வழி உண்டு. மறைப்பதற்கு மட்டும் வழியில்லை.

இன்னும் சிலர் வயதில் கைவைக்கிறார்கள். கனடாவில் தங்கிவாழும் பிள்ளையின் வயதெல்லை 2014 முதல் 19க்குக் கீழ், 2017 ஒக்டோபர் 24 முதல் 22க்குக் கீழ். மகளுக்கு 22 முடிந்துவிட்டது, இரண்டு வருடம் குறைத்தால் என்ன என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. சண்டையில் பத்திரம் தொலைந்தது, உத்தேச வயதுப் பத்திரம்தானே என்று ஒரு சாட்டு வேறு. ஐயா, உங்கள் மகளின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்த இலக்கத்தின் தொடக்கத்திலேயே பிறந்த வருடமும், வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டி. பள்ளிக்கூட இடாப்பும் சாதாரணதரப் பெறுபேறும் வேறு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை இடத்தில் ஒளிக்க வேண்டும்.

மண்டபத்தில் பிறந்து திரும்பி வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமை பதிவு செய்தால்தான் வரும். அது முடியாமல் கடவுச்சீட்டு ஏது, விசா ஏது?

பொய் பிடிபட்டால் என்ன என்று கேட்கிறீர்களா? கனடா ஐந்து வருடத் தடை போடும். பிரித்தானியா பத்து வருடம்வரை. அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம், ஆள் அடையாளத்தில் பொய் சொன்னால் பத்து, அதுவும் ஒருவரின் பொய் அவர் குடும்பத்து மற்றவர்களின் விண்ணப்பத்தையும் இழுத்து விழுத்தும். எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடத்துக்கு முன் நான் கொடுத்த விண்ணப்பத்தில் என்னை ஒரு கொம்பனியின் கணக்காளர் என்று எழுதியிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஆங்கிலம் வாசித்துக் கொடுக்கிறவன், தன் படிவத்தை வாசிக்கவில்லை! மறுப்புக் கடிதத்தில்தான் கண்டேன், அதைத் தமிழில் மனைவிக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்த காசு போய்விட்டது.

‘நான் முதலில் போகிறேன், பிறகு எல்லாரையும் கூப்பிடுகிறேன்’ என்பதும் முன்போல இல்லை. பிரித்தானியாவில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போவதை 2024 மார்ச் 11 முதல் நிறுத்தினார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் ஏஜென்சியின் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் இருக்காது. கனடாவின் படிவங்கள் இலவசம். காசு வாங்கி ஆலோசனை சொல்கிறவருக்கு அந்த நாட்டில் அனுமதி இருக்க வேண்டும், அவர் பெயரை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். உயர்தரம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தப் பிள்ளையையே படிவத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையிடம் மறைத்துச் செய்கிற விண்ணப்பம் என்றால், அதில் பொய் இருக்கிறது என்று அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பொடியனுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. மனிதாபிமான அடிப்படையில் தனியாகக் கேட்கலாம், கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. அதற்குத் தகப்பன் தன் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும்: எனக்கு முதல் மனைவியில் ஒரு மகன் இருக்கிறான், அவனை நான் எழுதவில்லை, இன்ன காரணத்தால் எழுதவில்லை என்று. தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். ‘எழுதி அனுப்புகிறேன் அண்ணே’ என்றார். பொடியன் சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருகிறான். “மாமா, கடிதம் வந்ததா?” என்று படலையடியில் நின்றே கேட்கிறான். மூன்று மாதமாகிறது. இன்னும் வரவில்லை.