பழி உலாவியின் மீதா?

வலைப்பக்கம் அமைக்கும் தொழிலில் இருப்போரிடையே ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக வேரூன்றிக் கிடக்கிறது. ஓர் அட்டவணை குரோமில் ஒரு விதமாகவும் ஃபயர்பாக்ஸில் வேறு விதமாகவும் தோன்றினால், குற்றம் உலாவியினுடையதே என்றும், ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனியே ஒட்டுப் போடுவதொன்றே பரிகாரம் என்றும் அவர்கள் திடமாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. அதோடு, செய்கிற வேலையையும் கெடுப்பது.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 6, 7 ஆம் பதிப்புகள் கட்டங்களுக்கிடையே இடைவெளி விடும் சிஎஸ்எஸ் விதியை அறியாதவை. 2009-இல் எட்டாம் பதிப்பு வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அத்தொல்லை ஒழிந்த பின்னும் அந்தக் கோபத்தை மட்டும் சுமந்து திரிவானேன்?

அகலம் குறிக்கப்படாத அட்டவணையில் நெடுவரிசைகளுக்கு இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு, சிஎஸ்எஸ் 2.1 ஒரு முறையை எடுத்துக்காட்டிவிட்டு, உலாவிகள் அதையே பின்பற்றவேண்டிய கட்டாயமில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, பக்கம் அமைப்பவர்கள் தாம் சொல்லாமல் விட்டதை உலாவி தன் யுக்திப்படி தீர்மானித்துக்கொண்டதற்காக அதன்மீது பழி சுமத்துவது எவ்வாறு தர்மமாகும்?

தமிழ்ப் பக்கங்களில் இது பிரத்தியட்சமாகவே தெரியும். 'எண்', 'பெயர்', 'ஒப்புதலளிக்கப்பட்டவை' என மூன்று தலைப்புகள் கொண்ட அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைக்கமுடியாத நீண்ட சொல்லுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அதற்குக் கீழே அந்த நெடுவரிசை சுருங்காது. அந்தச் சொல்லோ விண்டோஸில் நிர்மலா எழுத்துருவிலும் ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துருவிலும் வெவ்வேறு அகலம் பிடிக்கும். மூன்றாம் நெடுவரிசை ஓரிடத்தில் வீங்கி, பெயர்கள் இரண்டு மூன்று வரிகளாக மடிந்து நெருக்குண்டு கிடப்பதற்கு இதுவே காரணமாயிருக்க, உலாவியைச் சபித்துப் பயன் என்ன?

மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. டேபிள்-லேஅவுட் என்னும் பண்புக்கு ஃபிக்ஸ்டு என்று மதிப்புக் கொடுத்து, அட்டவணைக்கு ஒரு மொத்த அகலமும், முதல் கிடைவரிசையிலோ கோல் குறியிலோ நெடுவரிசைகளின் அகலமும் குறித்துவிட்டால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் எந்த உலாவியும் அந்தக் கணக்கையே கைக்கொள்ளும். மொத்த அகலத்தை மறந்தால் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்காது. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். நீண்ட சொல் கட்டத்தை மீறாதிருக்க, அதை உடைக்க அனுமதிக்கும் விதியையும் கூடவே எழுதவேண்டும்.

இன்னொன்று. பக்கத்தின் தலையில் டாக்டைப் அறிவிப்பு இல்லாவிட்டால், பழைய பக்கங்கள் சிதையாதிருக்கும்பொருட்டு உலாவிகள் குவர்க்ஸ் முறைக்குத் திரும்பிவிடுகின்றன. அம்முறையில் உடற்பகுதிக்குக் குறித்த எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது. அந்த ஒற்றை வரியை எழுதாமல், கட்டந்தோறும் எழுத்தளவைத் திரும்பத் திரும்பக் குறித்து, அதையே உலாவிக்குச் செய்யும் சிகிச்சையாகப் புதியவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தால், அவர்கள் எழுதிக் குவிக்கப்போகும் பக்கங்களைப் பிறகு யார் திருத்துவது?