ஃபயர்வால் பெட்டி வாங்கத்தான் வேண்டுமா?

நமது உறுப்பினர்களின் கடைகளுக்கு இப்போது ஒரு புதிய சரக்கு விற்பனைக்கு வருகிறது. இணைய இணைப்புக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் ஒரு சிறு பெட்டி, பெயர் ஃபயர்வால். "இது இல்லாவிட்டால் உங்கள் கணக்கு வழக்கெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும்" என்கிறார் விற்க வருகிறவர். விலையும் சொற்பமில்லை, அதற்கு மேல் ஆண்டுதோறும் சந்தா வேறு. வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியே பதில் சொல்வதைவிட இந்தப் பக்கத்திலேயே நமது கருத்தை எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

ஒன்றிரண்டு கணினி வைத்திருக்கும் மளிகைக் கடைக்கும், கடை கட்டிய பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வியாபாரிக்கும் அந்தப் பெட்டி தேவையில்லை. ஃபயர்வாலே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே அவரிடம் இரண்டு காவல்கள் இருக்கின்றன. அவை விழித்திருக்கின்றனவா என்று பார்க்காமல் மூன்றாவதற்குப் பணம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

ஃபயர்வால் என்பது கட்டட வேலையிலிருந்து வந்த சொல். ஒட்டி ஒட்டிக் கட்டிய கிடங்குகளில் ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க எழுப்பும் கனத்த சுவருக்கு அந்தப் பெயர். கணினியில் அது செய்யும் வேலை சோதனைச் சாவடி வேலை. வருகிற வண்டிக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் திருப்பிவிடும்.

முதல் காவல், இணைப்புக் கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ரூட்டர். கடையில் எத்தனை கணினி, எத்தனை செல்போன் இருந்தாலும் வெளியே பொதுவாக ஒரே முகவரிதான் தெரியும். நாம் கேட்டுப் பெற்ற தகவலை ரூட்டர் உரிய கணினிக்கு அனுப்பும். கேட்காமல் வருவதை யாரிடம் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது, ஆகவே விட்டுவிடும். இந்த ஏற்பாடு பாதுகாப்புக்காக வந்ததல்ல, இணைய முகவரிகள் பற்றாமல் போனதால் வந்தது. இருந்தாலும் காவலுக்கு உதவுகிறது. இப்போது பரவிவரும் ஐபிவி6 என்ற புது முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. அந்த இணைப்பு உள்ளவர்கள், ரூட்டரிலேயே உள்ள ஃபயர்வால் இயங்குகிறதா என்று இணைப்புக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது காவல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அது இயங்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2003இல் உலகமே பார்த்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்துவைத்தே விற்றார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது யாரும் எதையும் திறக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. இணையத்தில் இணைந்திருந்ததே போதும், கணினி தானாக அணைந்து அணைந்து எழுந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த திருத்தத்தில்தான் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை முதலிலிருந்தே இயங்கும்படி செய்தது.

ரூட்டர் வாசலில் நிற்கும்போது கணினிக்குள் இன்னொரு காவல் எதற்கு என்று கேட்கலாம். ஆபத்து வாசல் வழியாகத்தான் வரும் என்று யார் சொன்னது? பையனின் லேப்டாப், கடைப் பையன்களின் செல்போன், கம்பெனி விற்பனையாளர் கொண்டுவரும் கருவி எல்லாம் ஒரே வைஃபையில்தான் சேருகின்றன. அவற்றுக்குள் நடக்கும் போக்குவரத்தை வாசலில் நிற்கும் பெட்டி, அது எவ்வளவு விலையானாலும், பெரும்பாலும் பார்ப்பதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பூட்டு வைரஸ் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு இப்படித்தான் தாவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, ஏற்றிக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

நம் கடைகளில் இந்த இரண்டாவது காவலை அணைப்பது திருடன் அல்ல, பில்லிங் சாஃப்ட்வேர் போட வருகிற பையன்தான். இரண்டு கணினியில் ஒரே கணக்கு ஓட வேண்டும் என்கிறோம். ஒன்று மற்றதோடு பேச மறுக்கிறது. அவருக்கும் அவசரம், நமக்கும் அவசரம். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு, "இப்போது வேலை செய்கிறது, பாருங்கள்" என்று கிளம்பிவிடுகிறார். அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. சில நிமிட வேலை. அதைச் செய்த பிறகே கூலி என்று கறாராகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் வைரஸ் தடுப்புத் தொகுப்புகள் சிலவற்றில் தனி ஃபயர்வால் வரும். அதை ஏற்றியதும் விண்டோஸின் ஃபயர்வால் ஒதுங்கிக்கொள்ளும். சந்தா முடிந்த பிறகு எது காவலில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேமரா மாட்டுகிறவர்களும் இதே கதைதான். வீட்டிலிருந்தே கடையைச் செல்போனில் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சிலர் ரூட்டரில் ஒரு கதவைத் திறந்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு தொழிற்சாலையில் வைத்ததே இருக்கும். 2016இல் மிராய் என்ற நிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் வசப்படுத்தியது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கணக்காளர் வெளியிலிருந்து பார்ப்பதற்காகத் திறந்துவைக்கும் வழியும் இதே வகைதான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஃபயர்வால் தடுக்காத ஒன்று உண்டு. ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று வரும் மின்னஞ்சலில் உள்ள கோப்பை நாமே திறப்பதும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டு நாமே ஒரு செயலியை இறக்குவதும் உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்குவதாகும். விற்க வருகிறவர் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பழைய பற்று வரவு நோட்டைக் கரையான் அரித்தால்கூடப் பாதிப் பக்கம் மிஞ்சும். பூட்டு வைரஸ் பிடித்த கோப்பில் ஒரு வரியும் மிஞ்சாது. யார் எவ்வளவு கடன் என்பதற்கு வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லே சாட்சி என்ற நிலை வந்துவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

ஆகவே பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பதே சிறு வியாபாரிகளுக்கு நாம் சொல்லும் யோசனை. ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று கணக்கை நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். கணினியில் ஏற்கெனவே ஏதாவது புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு, மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தில் இலவசச் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் பேச வேண்டும்.

மொத்த வியாபாரிகளின் நிலை வேறு. பத்துப் பதினைந்து கணினி, தனி சர்வர், ஊருக்கு வெளியே கிடங்கு, அங்கிருந்து தலைமைக் கடைக்கு இணைப்பு என்று இருப்பவர்களுக்கு அந்தப் பெட்டி உண்மையிலேயே பயன்படும். கணக்குக் கணினிகளைத் தனியாகவும் கேமரா, விருந்தினர் வைஃபை ஆகியவற்றைத் தனியாகவும் பிரித்துவைக்க அது உதவும். கிடங்குக்குப் பாதுகாப்பான வழியும் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் விலை பேசும் முன் விற்கிறவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். விதிகளை எழுதித் தருவது யார்? ஆள் மாறினால் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும்? சந்தா நின்றால் எந்தெந்தக் காவல் நிற்கும்? பதிலை வாய்மொழியாக ஏற்காமல், விலைப்பட்டியலோடு எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.