பைரவருக்கு வடைமாலை, நோய் வந்த நாய்க்குக் கோயில் வாசலா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறோம். சில பேருக்குச் சுடும், பரவாயில்லை.

போன தேய்பிறை அஷ்டமிக்கு நம் கோயில் பைரவர் சன்னதியில் நல்ல கூட்டம். வடைமாலை, மிளகு தீபம், பூசணிக்காய் தீபம் எதிலும் குறையில்லை. ராத்திரி எல்லாம் கழுவிவிட்டு கேட்டைப் பூட்டப் போனால், செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு வயசான நாய் கட்டிக் கிடக்குது. கழுத்தில் நல்ல பெல்ட். பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு. தெருநாய் இல்லை, யாரோ பல வருஷம் வளர்த்தது. வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, எழுந்திருக்கவே முடியல. இந்த வருஷத்தில் இது மூணாவது.

கேட்டால் "சாமிகிட்ட விட்டுட்டோம்" என்பார்கள். சாமிகிட்ட விடலை ஐயா. மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகவேண்டிய நாலு தொண்டர்கள்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. நாங்கள் பார்க்காமல் போயிருந்தால் விடிய விடிய அங்கேயே வலியில் கிடந்திருக்கும்.

லீவு போட்டு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனோம். பெண் நாய். கருப்பை முழுக்கச் சீழ். கருத்தடை செய்யாத வயசான பெண் நாய்களுக்கு இது வரக்கூடிய நோய்தானாம். அளவுக்கு மீறி தண்ணி குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், வயிறு உப்பும். அப்பவே கொண்டுவந்திருந்தால் கருப்பையை எடுத்துக் காப்பாத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். சின்ன வயசிலேயே கருத்தடை செய்திருந்தால் இந்த நோயே வந்திருக்காது. இப்போ கிட்னியும் போயிடுச்சு, ஆபரேஷன் மேசையிலேயே போய்விடும் என்றார். முதலில் ஒரு மயக்க ஊசி. அது நல்லாத் தூங்கின பிறகு நரம்பில் இன்னொரு ஊசி. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான். தலையை மடியில் வைத்திருந்தது எங்கள் தொண்டர் ஒருவர். பெயர்கூடத் தெரியாததால் அதைக் கூப்பிட முடியல. அந்த நேரத்தில் அது தேடியது எங்களை இல்லை, வளர்த்தவங்களை.

இதை வாட்சாப் குரூப்பில் போட்டதும் ஆரம்பிச்சிட்டாங்க. "ஊசி போட்டுக் கொல்றது பாவம். அது கர்மா, அனுபவிச்சுத்தான் போகணும்." சரிங்க அண்ணே. உங்களுக்குப் பல்வலி வந்தால் கர்மான்னு உட்கார்ந்திருக்கீங்களா, கிளினிக்குக்கு ஓடுறீங்களா? நம்ம வலிக்கு மருந்து, வாயில்லா ஜீவன் வலிக்கு மட்டும் தத்துவமா? குணமாக வழியே இல்லை, வலி நிற்காது என்று டாக்டர் சொன்ன பிறகு நிம்மதியாகப் போக வைப்பதில் கருணை இருக்கிறது. மழையில் கட்டிப் போட்டுவிட்டு "நான் கொல்லலையே" என்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

மகாபாரதக் கதை கேட்டவங்கதானே நாமெல்லாம். நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு, சொர்க்கம் போகலாம் என்று இந்திரன் கூப்பிட்டான். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன், அப்படி ஒரு சொர்க்கம் வேண்டாம் என்றார் தர்மர். அந்த நாய்தான் தர்மதேவதை. இந்தக் கதைக்குக் கை தட்டிவிட்டு, வீட்டு நாயைக் காரில் ஏற்றிக் கோயில் வாசலில் இறக்குகிறோம்.

இன்னொரு வகை ஆளுங்களும் இருக்காங்க. பாசம் பாசம் என்று சொல்லி, படுத்த இடத்திலேயே புண் வந்து புழு வைக்கிற வரைக்கும் போர்ச்சில் வைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் டாக்டர் முகத்தைக் காட்டமாட்டார்கள். நடுவில் பனடால் வேற. தயவுசெய்து மனுஷ மருந்தைக் கொடுக்காதீங்க. பனடால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், புரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி கிட்னியைப் பாதிக்கும். நாய்க்கென்று தனியாக வலி மருந்து இருக்கு, அதை டாக்டர்தான் எடை பார்த்துக் கொடுக்கணும்.

கிழடு, கான்சர், இனி அவ்வளவுதான் என்று நீங்களாக முடிவு கட்டுவதும் தப்பு. பிறப்புறுப்பில் கட்டி வந்து ரத்தம் சொட்டினால் உடனே தூக்கி எறிகிறார்கள். நாயிடமிருந்து நாய்க்குத் தொற்றுகிற ஒரு கட்டி அப்படி வரும். வாரம் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரத்திலேயே கரைந்துவிடும். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து படுத்த நாய்கூட, நேரத்தோடு போனால் நாலு வாரம் மாத்திரையில் எழுந்து ஓடும். எது குணமாகும், எது ஆகாது என்று சொல்லவேண்டியது டாக்டர். நீங்களும் இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் இல்லை.

"மனுஷனுக்கே காசு இல்லை, நாய்க்கா?" இந்தக் கேள்வியை நாங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. சம்பளத்தில் வாழ்கிறவர்கள்தான் நாங்களும். தனியார் கிளினிக் செலவு பயமாத்தான் இருக்கு. ஆனால் கால்நடைத் துறையின் அரசாங்கக் கிளினிக்குகள் இருக்கு, கட்டணம் குறைவு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்து விலங்கு மருத்துவமனை இருக்கு. டாக்டரிடம் "கையில் இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள் என்ன செய்யலாம்" என்று வெட்கப்படாமல் கேளுங்க. பெரிய ஆபரேஷன் முடியாவிட்டாலும் வலியைக் குறைப்பது முடியும். அதுவும் முடியாதபோது நிம்மதியாகத் தூங்க வைப்பது முடியும். கோயில் வாசல் அந்த வரிசையிலேயே கிடையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 2015 விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கிற பிராணியை வலி, காயம், நோயிலிருந்து காப்பாற்றுவது உரிமையாளரின் கடமை. கொடுமை செய்தது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

செருப்பு வைக்கிற இடத்தில் இப்போது கேமரா போட்டாச்சு. இனிமேல் யாராவது நாயைக் கட்டிவிட்டுப் போனால் கார் நம்பரோடு கால்நடைத் துறையில் புகார் கொடுப்போம். நிர்வாகமும் சம்மதிச்சாச்சு, கமிட்டி ஆள் வீட்டு நாயாக இருந்தாலும் இதே கதைதான்.

வண்டி இல்லை, தூக்க ஆள் இல்லை, தனியாப் போகப் பயமா இருக்கு என்றால் கோயில் ஆபீசில் வந்து சொல்லுங்க. சனிக்கிழமை காலையில் நம்ம வேன் சும்மாதான் நிக்குது. ஏன் எதற்கு என்று கேட்கமாட்டோம். ஆனால் நாயோடு நீங்களும் வேனில் ஏறணும்.