வீடு திரும்பும் நோயாளி

ஆஸ்பத்திரியில் இருக்கும் வரையில் நோயாளிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்க நர்ஸ் இருக்கிறார். சந்தேகம் தோன்றினால் கேட்க டாக்டர் இருக்கிறார். வாசற்படியைத் தாண்டியதும் அவருக்குத் துணை ஒரு சீட்டும் ஒரு பை மாத்திரைகளுமே. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து வீட்டிற்கும் நோயாளி கைமாறும் சமயத்திலேதான் மருந்துத் தவறுகள் மலிகின்றன. இது நமது கற்பனையன்று. மருந்துகளால் விளையும் தீங்கைத் தடுக்க உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ம் வருஷத்தில் ஆரம்பித்த இயக்கத்தில், முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை என்று குறித்த மூன்று விஷயங்களில் இதுவும் ஒன்று. தவிர்க்கக்கூடிய கடுந்தீங்குகளை 5 வருஷங்களில் பாதியாகக் குறைப்பதென்பது அதன் லட்சியம். அந்த 5 வருஷங்களும் கழிந்துவிட்டன.

தீங்கு விளையும் விதத்தைப் பாருங்கள். நீரிழிவுக்காரர் ஒருவர் கிளிமிபிரைட் என்ற மருந்தை ஒரு கம்பெனிப் பெயரில் வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அதே மருந்து வேறு பெயரில் கொடுத்தனுப்பப்படுகிறது. பழையதை நிறுத்தும்படி சொல்வார் இல்லை. இரண்டையும் விழுங்குகிறார், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மூர்ச்சையாகிறார். முடக்குவாதத்திற்கு வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினந்தோறும் சாப்பிட்டாலோ உயிருக்கே அபாயம்.

இத்தகையோரை அறிவிலிகள் என்று பழிப்பது நியாயமாகுமா? அவர்கள் கையிலுள்ள சீட்டு பெரும்பாலும் இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது? மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென்று மெடிக்கல் கவுன்சில் 2016-ல் விதி செய்தது. வாசிக்கத் தக்க மருந்துச் சீட்டைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் 2025-ல் தீர்ப்பளித்தது. எழுத்து தெளிவாயிருந்து பாஷை விளங்காவிட்டால் அவ்வுரிமையால் பயன் யாது?

டாக்டர்களுக்கு அவகாசமில்லை என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அது உண்மையே. ஆனால் இவ்வேலையை மருந்தாளுநரிடம் ஒப்படைக்கலாம். நோயாளி ஆஸ்பத்திரியில் சேரும்போதே, சித்த மருந்து, கடையில் தாமே வாங்கிய மாத்திரை உட்பட, அவர் சாப்பிடுபவை அனைத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அனுப்பும்போது அதனுடன் ஒத்துப் பார்த்து, தொடர வேண்டியவை, நிறுத்த வேண்டியவை, புதியவை என்று மூன்று தலைப்புகளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். சந்தேகமானவற்றை டாக்டர் தீர்க்கட்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீடு தேடிக் கொண்டு சென்றது. அவ்வாறு வீடு செல்லும் ஊழியர் கையில் இப்பட்டியலின் பிரதி ஒன்று இருந்தால், வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளையும் அப்போதே சோதித்துவிடலாம்.

இதற்குப் புதிய கட்டிடம் வேண்டியதில்லை; ஒரு சர்க்கார் உத்தரவும், போதிய மருந்தாளுநர் நியமனமுமே வேண்டும். சுகாதார மந்திரி இவ்விஷயத்தில் தாமதியாமல் உத்தரவிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். பொதுநல ஊழியர்களும் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தமிழ்ச் சீட்டைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை உண்டாக்க முன்வருவார்களாக.