பச்சை எண் பலகை எதற்குச் சான்று?

இந்தியாவில் மின்கலத்தால் ஓடும் கார்களுக்குப் பச்சை நிற எண் பலகை வழங்கப்படுகிறது. காரில் புகைக்குழாய் இல்லை என்பதற்கு அந்தப் பச்சை சான்று. புகையே இல்லை என்பதற்கு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் மின்கார் பற்றிய விவாதம் ஒருபுறம் துதியாகவும் மறுபுறம் ஏளனமாகவும் முடிந்துபோகிறது.

முதலில் கார்பன் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்ப்பதையும் கூட்டினால் ஏறத்தாழ 2.8 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், கிலோமீட்டருக்குச் சுமார் 185 கிராம் உமிழ்கிறது. அதே தொலைவுக்கு ஒரு மின்காருக்கு 0.15 யூனிட் மின்சாரம் வேண்டும் எனக் கொள்வோர் பலர். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் உமிழ்வு நேர்கிறது. கம்பிவழி இழப்பையும் சேர்த்தால் 0.85 கிலோ. ஆக, கிலோமீட்டருக்குச் சுமார் 125 கிராம். மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வரும் நாட்டிலும் மின்காரே முந்துகிறது. ‘நிலக்கரியில் ஓடும் மின்கார் பெட்ரோல் காரைவிடக் கேடு’ என்ற வாதம் இந்த எளிய கணக்கிலேயே வீழ்ந்துவிடுகிறது.

ஆனால் அந்த வெற்றி ஐரோப்பாவில் கிட்டுவது போன்றதன்று. தூய்மைப் போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2021இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டின்படி, நடுத்தர மின்கார் ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடு வரை உமிழ்வைக் குறைக்கிறது. இந்தியாவில் அக்குறைவு 19 முதல் 34 விழுக்காடே.

மின்கலத் தயாரிப்பும் ஒரு கடனாக முன்னிற்கிறது. 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தை உருவாக்க இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு 60 கிராம் மிச்சம் பிடித்து அக்கடனை அடைக்க ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வாடகைக் கார் அதை ஓராண்டில் ஓடிவிடும். செல்வர் வீட்டின் இரண்டாவது காராக வாரத்தில் ஒருநாள் வெளியே வரும் மின்கார் பல ஆண்டுகள் கடனாளியாகவே நிற்கும். எனவே மின்மயமாக்கலின் முதல் உரிமை ஓய்வின்றி ஓடும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் உரியது.

கார்பனோடு கணக்கு முடிவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பிஎஸ்-6 பெட்ரோலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகாது. நிலக்கரிக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆகவே கந்தக டை ஆக்சைடைப் பொறுத்தவரை, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் பெட்ரோல் காரிடம் தோற்கிறது. தோல்வியின் விலையைக் கொடுப்பவர் காரின் உரிமையாளர் அல்லர். டெல்லிச் சாலையில் குறையும் புகை சிங்ரௌலியிலும் கோர்பாவிலும் எழுகிறது. 2020 ஏப்ரலில் சிங்ரௌலியில் அனல்மின் நிலையமொன்றின் சாம்பல் குளத்துக் கரை உடைந்து, சேறு ஊர்ப்புறத்தில் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. அங்கு வாழ்வோருள் கார் வைத்திருப்போர் எத்தனை பேர்?

இதற்கான மருந்து அறியப்படாததன்று. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்பை இரண்டே ஆண்டுகளில் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு ஆணையிட்டது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இறுதியில் 2025 ஜூலை அறிவிக்கை, புகைபோக்கியின் உயர விதியை நிறைவேற்றினால் போதும் என்று ஏறத்தாழ 78 விழுக்காடு அலகுகளுக்கு விலக்களித்துவிட்டது. தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் உள்ள அலகுகளுக்குக் கட்டாயம் நீடிக்கிறது. மக்கள்தொகை குறைந்த இடத்தில் நுரையீரலுக்கு மதிப்புக் குறைவு என்பதே இதன் உட்பொருள்.

காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது விலக்கை ஆதரிப்போரின் வாதம். அவ்வாயு வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. புகைபோக்கியை உயர்த்துவது அப்பயணத்தைத் தடுக்காது. நகரம் வெளியே தள்ளிய மாசு நுண்துகளாக நகரத்துக்கே திரும்புகிறது.

இதனால் பெட்ரோல் காரே போதும் என்று முடிவுகட்டுவதும் பிழை. பெட்ரோல் காரின் உமிழ்வு அது வாங்கப்பட்ட நாளிலேயே உறுதியாகிவிடுகிறது. வயது ஏற ஏறக் கூடவும் செய்யும். மின்காரோ மின்கட்டமைப்பு தூய்மையாகும்தோறும் தானும் தூய்மையாகிறது. எந்த நேரத்தில் மின்னேற்றம் நிகழ்கிறது என்பதும் இங்கே முக்கியம். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது; இரவில் கூடும் தேவையைப் பெரும்பாலும் நிலக்கரியே ஈடுசெய்கிறது. வீட்டில் இரவு முழுதும் ஏற்றுவதும் பணியிடத்தில் பகலில் ஏற்றுவதும் ஒரே காரை இருவேறு கார்களாக்குகின்றன. சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைக்க 2023ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதித் திருத்தம் வழிசெய்திருக்கிறது. பகல் முழுதும் வாகனங்கள் நிற்கும் பல்கலைக்கழக வளாகங்களும் அரசு அலுவலகங்களும் மின்னேற்ற வசதிக்கு முதலிடமாக வேண்டும்.

மின்காருக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்ற சலுகையைத் தருவது பொதுப்பணம். அந்தச் சலுகையை ஏற்கும் அரசு, அதே காருக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையத்தின் கந்தகத்துக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். 2025ஆம் ஆண்டின் விலக்கைத் திரும்பப் பெறுவது அதன் முதற்படி. அதுவரை மின்காரின் தூய்மைக்கான செலவில் ஒரு பகுதியைச் சிங்ரௌலி மக்களே செலுத்திவருகிறார்கள் என்பதை ஆய்வுலகம் தன் ஒப்பீட்டு அட்டவணைகளில் ஒரு பத்தியாகவேனும் சேர்த்தாக வேண்டும்.